ஒரே சாக்கு விதை, இரண்டு வெளி

(வெல்லாவெளியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளை யாருடைய நினைவாக நடக்கிறதோ, அந்த ஆசிரியரிடம் உயிரியல் படித்தவன் நான். வகுப்புக்கு அவர் கொண்டுவந்த உபகரணம் பெரும்பாலும் ஒரு கைப்பிடி நெல்தான். மேசையில் கொட்டிவிட்டு, "இதில அச்சொட்டா ஒரே மாதிரி ரெண்டு மணி எடுத்துத் தா" என்பார். ஒன்று நீளமாக இருக்கும், ஒன்று மொத்தமாக இருக்கும். நாங்கள் எடுத்துக் கொடுக்கும் சோடியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, சிரித்தபடி திருப்பித் தருவார். அந்தக் கைப்பிடி நெல்லைத் தாண்டி இன்றைக்கும் நான் அதிக தூரம் போகப் போவதில்லை.

எங்கள் அப்பாவுக்கு இரண்டு இடத்தில் காணி. ஒன்று வாய்க்கால் தலைப்பில். நவகிரிக் குளத்துத் தண்ணீர் முந்தி வந்து விழும் கண்டம். மற்றது வாவிப் பக்கமாகச் சரிந்த பள்ளம். மாரியில் வெள்ளம் நிற்கும், வெயில் காலத்தில் வரம்போரம் வெள்ளையாக உவர் பூக்கும். ஒரு பெரும்போகத்தில் ஒரே சாக்கிலிருந்து, ஒரே கிழமைக்குள், இரண்டு காணிக்கும் விதைத்தார். பிஜி 94-1. ஐம்பது நாள் போனபிறகு நானும் அவரும் மாமாவும் போய்ப் பார்த்தோம். மேல் கண்டத்தில் ஒரு மணியிலிருந்து ஐந்தும் ஆறுமாக மட்டம் வெடித்திருந்தது, இலை கரும்பச்சை. பள்ளக் காணியில் இரண்டு மட்டம், சிலதில் ஒன்றே ஒன்று. இலை நுனி கருகி, பயிர் முழங்காலைத் தொடவில்லை.

"விதை பிழைச்சிட்டு மச்சான்" என்றார் மாமா.

"ரெண்டும் ஒரே சாக்கு மச்சான்" என்றார் அப்பா.

மாமா கொஞ்சம் யோசித்தார். "அப்ப நிலம் பிழை."

"அங்கால உன்ட காணியும் அதே பள்ளந்தானே. உன்ட பயிர் நல்லா நிக்குதே?" மாமா விதைத்திருந்தது வேறு நெல்.

இருவரும் வரம்பில் குந்திக்கொண்டு வெற்றிலை போட்டார்கள். பேச்சு யானைக்காவலுக்கு மாறிவிட்டது. (யானை இறங்கிய கண்டத்தில் எந்த இனம் விதைத்தாலும் ஒன்றுதான் என்பது வேறு கதை.) விதையா, நிலமா என்ற அந்தக் கேள்வி மட்டும் எனக்குள் நின்றுவிட்டது. அதைப் படிக்கத்தான் பிறகு பல வருடம் செலவழித்தேன். மாமாவின் இரண்டு பதிலும் பிழை, இரண்டும் சரி என்று இப்போது சொல்வேன்.

டென்மார்க்கில் வில்ஹெல்ம் யொஹான்சன் என்ற தாவரவியலாளர் இந்தக் கேள்வியையே அவரைக் குடும்பத்து விதையில் சோதித்துப் பார்த்தார். ஒரே செடி தன்னைத் தானே மகரந்தச் சேர்க்கை செய்து தந்த விதைகளைத் தலைமுறை தலைமுறையாகப் பிரித்து வைத்தார். அப்படி ஒரு வழியில் வந்த விதைகளிலும் பெரியதும் சிறியதும் இருந்தன. பெரியதைப் பொறுக்கி விதைத்தால் அடுத்த தலைமுறை பெரிதாக வரும் என்றுதானே நாம் நினைப்போம்? வரவில்லை. சிறியதை விதைத்தாலும் சராசரி அதேதான். ஒரு வழிக்குள் தெரிந்த பெரிசு சிறிசு, காயில் இருந்த இடத்தாலும் மண்ணாலும் வந்தது. விதைக்குள் எழுதியிருந்தது எல்லாவற்றிலும் ஒன்றே. 1903இல் இதை வெளியிட்டார். 1909இல் எழுதிய நூலில், உள்ளே எழுதியிருப்பதற்கு ஒரு பெயரும் வெளியே தெரிவதற்கு ஒரு பெயரும் வைத்தார். நம்முடைய பாடப்புத்தகத்தில் பிறப்புரிமையமைப்பு, தோற்றவமைப்பு என்று நீங்கள் மனப்பாடம் பண்ணும் இரண்டும் அவர் வைத்தவற்றின் தமிழ்தான். பரம்பரையலகு என்ற சொல்லுக்கு மூலமும் அதே புத்தகம்.

இதில் நெல்லுக்கு ஒரு வசதி உண்டு. நெற்பூ பெரும்பாலும் தன்னைத் தானே சேர்த்துக்கொள்ளும். அதனால் ஒரு கதிரைப் பிரித்தெடுத்து வளர்த்தால் சில தலைமுறையில் ஒரு தூய வழி கிடைத்துவிடும். நம் நாட்டில் விஞ்ஞான முறை நெல்லாராய்ச்சி தொடங்கியதே அப்படித்தான். பச்சைப்பெருமாள் 2462/11, முருங்கைக்காயன் 302, வெள்ளை இளங்கலையன் 28061 என்று பழைய பதிவேடுகளில் பெயருக்குப் பின்னால் வால் போலத் தொங்கும் எண்களைப் பார்த்திருப்பீர்கள். ஊரில் ‘பச்சைப்பெருமாள்’ என்று ஒரே பெயரில் நின்ற நெல், உண்மையில் நூறு வழிகள் கலந்த கூட்டம். அதிலிருந்து பொறுக்கிய ஒரு வழியின் அடையாளம் அந்த எண். 1952இல் பத்தலகொடையில் நெல்லாராய்ச்சி நிலையம் வந்தது. அங்கே முருங்கைக்காயன் 302ஐ ஒரு வெளிநாட்டு நெல்லோடு ஒட்டி உண்டாக்கிய எச்-4, 1958இல் வெளிவந்து நாடு முழுவதும் பரவியது.

சில விடயங்களில் விதை சொன்னதுதான் முடிவு. சிவப்பு அரிசியை எடுங்கள். ஏடி 362ஐ மேட்டில் விதையுங்கள், பள்ளத்தில் விதையுங்கள், யூரியா போடுங்கள், போடாமல் விடுங்கள், அரிசி சிவப்புத்தான். நெல்லின் ஏழாவது நிறமூர்த்தத்தில் உள்ள ஒரு பரம்பரையலகு தவிட்டுத் தோலுக்குச் சிவப்பைக் கொடுக்கிறது. அந்த அலகின் டிஎன்ஏ எழுத்துவரிசையில் 14 எழுத்து உதிர்ந்துபோன நெல்தான் வெள்ளை அரிசி. உலகத்தில் இன்று வெள்ளைச் சோறு தின்கிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் அந்தப் பதினான்கு எழுத்து விடுபட்டதைத் தின்கிறார்கள். இதை 2006இல் கண்டுபிடித்தார்கள்.

ஆனால் இப்படி ஒரே பரம்பரையலகில் தீர்ந்துபோகும் குணங்கள் கொஞ்சம்தான். பாடப்புத்தகம் அவற்றையே எடுத்துக் காட்டுவதால், எல்லாமே அப்படித்தான் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது.

நெல்லின் வயதை எடுங்கள். ‘பிஜி 300’ என்றால் பத்தலகொடை, மூன்று மாதம். ‘350’ வரிசை மூன்றரை மாதம், ‘400’ நான்கு மாதம். ஏடி என்றால் அம்பலாந்தோட்டை, பிடபிள்யூ என்றால் பொம்புவெல. வயது பெயரிலேயே இருப்பதால் அது விதைக்குள் கல்லில் வெட்டி வைத்தது போலத் தோன்றும். அதே மூன்று மாத நெல்லைக் குளிரான மலைநாட்டில் விதைத்தால் நாட்கள் நீளும். பழைய மாவீ நெல்லோ இன்னும் விசித்திரம். அது நாளின் நீளத்தைப் பார்த்துப் பூக்கிற நெல். முந்தி விதைத்தாலும் பிந்தி விதைத்தாலும் பகல் குறுகும் காலத்துக்குக் காத்திருந்து கதிர் தள்ளும். மட்டக்களப்பில் வருடத்தின் ஆக நீண்ட பகலுக்கும் ஆகக் குறுகிய பகலுக்கும் இடையில் முழுதாக ஒரு மணித்தியாலம் கூட வித்தியாசமில்லை. நமக்குத் தெரியாத அந்தச் சில நிமிடக் கணக்கைச் சேற்றில் நின்றபடி இலை எண்ணிக்கொண்டிருக்கிறது. இப்போது சொல்லுங்கள்: மாவீயின் வயது விதையில் இருக்கிறதா, வானத்தில் இருக்கிறதா? விதைக்குள் எழுதியிருப்பது ‘இத்தனை நாள்’ என்ற கணக்கே இல்லை. ‘வெளிச்சம் இப்படி இருந்தால் இதைச் செய்’ என்ற கட்டளைதான் எழுதியிருக்கிறது.

‘இப்படி இருந்தால் இதைச் செய்’ என்பதை நினைவில் வைத்துக்கொண்டு 2021க்கு வருவோம். அந்த வருடம் மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள். நவம்பரில் தடை தளர்ந்தபோது பெரும்போக விதைப்பு முடிந்திருந்தது. இங்கே இருக்கிற எல்லாருக்கும் அந்தப் போகம் நினைவிருக்கும். மஞ்சளித்த வெளியைப் பார்த்துவிட்டு அறுவடை இயந்திரத்துக்குக் கொடுக்கிற கூலிக்காவது நெல் வருமா என்று கணக்குப் பார்த்தவர்கள் நீங்கள். நாட்டின் பெரும்போக நெல் விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. விதை மாறவில்லை. மழையும் பெரிதாகப் பிழைக்கவில்லை. மாறியது சாக்கில் வருகிற யூரியா.

அதற்குக் காரணம் உண்டு. இன்றைய நெல்லினங்கள் கட்டையானவை. 1966இல் வந்த ஐஆர் 8இலும் அதற்குப் பின் வந்த பெரும்பாலான இனங்களிலும் தண்டை நீட்டும் ஒரு பரம்பரையலகு பழுதாகியிருக்கிறது. பயிர் குட்டையாக நிற்பதால் பசளை கொடுத்தால் சாயாது. சாப்பாடு தண்டுக்குப் போகாமல் கதிருக்குப் போகும். பழைய நெட்டை நெல்லுக்கு அந்த அளவு யூரியா போட்டால் பூக்கும் முன்னமே படுத்துவிடும். பசளை நிறைய உள்ள காணியில் கட்டை நெல் எங்கேயோ போய்விடும். பசளையே இல்லாத காணியில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். சில இடத்தில் பழையது முந்தியும் விடும். ஒரு தாளில் பசளையைக் கீழேயும் விளைச்சலைப் பக்கத்திலும் போட்டுக் கோடு வரைந்தால் இரண்டு கோடும் ஒன்றையொன்று வெட்டும். எது நல்ல விதை என்று கேட்கிறவருக்கு, எந்தக் காணியில் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. 2021இல் நாட்டு நெல் தேடி அலைந்தவர்களும், அதற்கு முந்திய வருடம் வரை அதைப் பரிகசித்தவர்களும் அவரவர் காணிக்குள் நின்று பேசினால் இருவரும் சரி.

இனி வெள்ளம். இதில்தான் நம்முடைய நாட்டுக்கும் சொந்தமான ஒரு கதை இருக்கிறது.

பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல்லாராய்ச்சி நிலையம் 1970களில் ஆயிரக்கணக்கான நெல்லினங்களைத் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பார்த்தது. சாதாரண நெல் ஒரு கிழமை முழுக மூழ்கினால் அழுகிவிடும். மிகச் சில இனங்கள் பத்து நாளுக்கு மேல் தாங்கின. அதில் பேர் பெற்றது ஒடிசாவின் எஃப்ஆர் 13ஏ. அதோடு சேர்த்துத் தேறியவற்றில் மூன்று இலங்கை நெல்: தவளு, கொட ஹீனட்டி, குர்க்கறுப்பன். கடைசிப் பெயரைக் கவனியுங்கள். ஆங்கில எழுத்தில் போய்த் திரும்பி வந்ததில் முன்பாதி சிதைந்திருக்கலாம். ‘கறுப்பன்’ என்று நெல்லுக்குப் பெயர் வைத்த வாய் எந்த மொழி பேசியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அந்த நெல்கள் எப்படித் தாங்கின? முழுகிய சாதாரண நெல் பதறும். மூச்சுக்காக இலையை மேலே மேலே நீட்டும். வைத்திருந்த மாப்பொருள் முழுவதையும் அதற்கே செலவழித்து, தண்ணீர் வடியும்போது எழும்ப வலுவில்லாமல் சரிந்துவிடும். எஃப்ஆர் 13ஏ அப்படிப் பதறாது. வளர்ச்சியை நிறுத்திவிட்டு, கையிருப்பைப் பொத்தி வைத்துக்கொண்டு, கிடக்கும். வெள்ளம் வடிந்ததும் அந்தக் கையிருப்பில் புது இலை விடும். இந்த அடக்கத்தைக் கொடுக்கும் பரம்பரையலகு ஒன்பதாவது நிறமூர்த்தத்தில் இருப்பதை 1996இல் கண்டார்கள். 2006இல் அதைப் பிரித்தெடுத்து எழுத்து எழுத்தாக வாசித்தார்கள். ஒட்டுமுறையால் ‘ஸ்வர்ணா’ என்ற ஆந்திர நெல்லுக்குள் அதைச் சேர்த்து, 2009இல் இந்திய உழவர்களுக்குக் கொடுத்தார்கள். வெள்ளம் வந்த வயலில் புதிய ஸ்வர்ணா பழையதைவிட ஹெக்டேயருக்கு 1 முதல் 3 தொன் வரை கூடுதலாகத் தந்தது.

வெள்ளம் வராத வயலில்? வித்தியாசமே இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டையும் விதைத்துவிட்டு எந்த அனுபவசாலியைக் கூட்டிவந்து காட்டினாலும் எது எதென்று பிரிக்கமாட்டார். அந்தப் பரம்பரையலகு விதைக்குள் இருக்கிறது. ஆனால் அதன் குணம் வெள்ளம் வரும்வரை உலகத்தில் இல்லை. தாய்லாந்து, பங்களாதேஷ் பக்கத்து ஆழநீர் நெல்லில் இதன் உறவுமுறைப் பரம்பரையலகுகள் இதற்கு நேர் எதிரானதைச் செய்கின்றன: வெள்ளம் ஏற ஏறத் தண்டை நீட்டி, தலையை மேலே வைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் நிற்கும் வெள்ளத்துக்கு அது சரி. வந்து வடிகிற நம்முடைய வெள்ளத்தில் அப்படி நீண்டால், தண்ணீர் போனதும் முறிந்து விழும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் விதை வியாபாரி ஆகிவிடுவேன். 2011 தை மாத வெள்ளத்தில் நம்முடைய வேளாண்மை பெரும்பாலும் குடலையும் கதிருமாக நின்றது. இந்தப் பரம்பரையலகு இளம் பயிருக்குத்தான் காவல்; கதிர் வந்தபிறகு முழுகினால் அதனால் பெரிதாக எதுவும் செய்ய இயலாது. விதை, வெள்ளம் என்ற இரண்டோடு, வெள்ளம் வந்த நாளும் கணக்கில் சேரவேண்டும்.

விலங்குகளில் ஒரு உதாரணம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். ஆணா பெண்ணா என்பது நிறமூர்த்தத்தின் விடயம் என்று நாம் படிக்கிறோம். மனிதருக்கு அது சரி. நம்முடைய குளத்தில் கிடக்கும் முதலைக்கு அப்படி ஒரு நிறமூர்த்தமே இல்லை. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணையில் முட்டைகளை வெவ்வேறு வெப்பத்தில் அடைகாத்துப் பார்த்தார்கள். 28 முதல் 31 பாகை செல்சியஸ் வரை வைத்த முட்டைகளில் பெண் மட்டும், 32.5 பாகையில் ஆண். 1989இல் வெளியான முடிவு இது. ஒரே தாயின் முட்டைகளில், குழியின் ஒன்றரைப் பாகை வெப்பம் ஒரு உயிரின் பாலையே தீர்மானிக்கிறது. ஆனாலும் சூழல்தான் எல்லாம் என்று இதைக் கொண்டு சொல்லிவிடாதீர்கள். கோழிமுட்டையின் அடைவெப்பத்தை மாற்றினால் அப்படி ஒன்றும் நடக்காது. வெப்பத்தைக் கேட்டு நடக்கும் காது முதலையின் பரம்பரையில் இருக்கிறது.

எத்தனை வீதம் விதை, எத்தனை வீதம் நிலம் என்ற கேள்வி இந்த இடத்தில் கட்டாயம் எழும்பும். சோறு சமைக்கிறோம். அதில் அரிசியின் பங்கு எத்தனை வீதம், தண்ணீர் எத்தனை வீதம், நெருப்பு எத்தனை வீதம் என்று யாராவது கேட்டால் அம்மா அகப்பையை ஓங்கமாட்டாவா? ஒரு பானைக்கு அந்தக் கேள்வி பொருந்தாது. ஆனால் இரண்டு வீட்டுச் சோறு ஏன் வேறு வேறாக இருக்கிறது என்று கேட்கலாம். ஒரே அரிசி, ஒரே தண்ணீர் என்றால் வித்தியாசம் நெருப்பால் என்று சொல்லலாம். விஞ்ஞானிகள் பரம்பரைப் பங்கு 80 வீதம், 50 வீதம் என்று எண் சொல்லும்போது அவர்கள் சொல்வது இந்த இரண்டாவது கேள்விக்கான பதிலை: ஒரு கூட்டத்துக்குள், அந்தக் காலத்தில், அந்தச் சூழலில், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் எவ்வளவு பரம்பரையால் வந்தது என்பதை. கூட்டம் மாறினால், சூழல் மாறினால், எண்ணும் மாறும்.

நெதர்லாந்தில் ஆளுக்கு ஆள் உயர வேறுபாட்டில் 80 வீதமளவு பரம்பரையால் என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்லும். அதே நாட்டில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆண்களின் சராசரி உயரம் 165 சென்ரிமீற்றர் அளவு. இன்றைக்கு 183க்குப் பக்கம். நூற்றைம்பது வருடத்தில் பரம்பரை அவ்வளவு மாறிவிடாது. பால், முட்டை, நல்ல தண்ணீர், நோயில்லாத குழந்தைப் பருவம். ஒரே மக்களில் இரண்டு உண்மையும் சேர்ந்தே நிற்கிறது.

அமெரிக்க உயிரியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின் 1970இல் இதை விதை வைத்தே விளக்கினார்; வெல்லாவெளிக்கு அதை மொழிபெயர்க்கத் தேவைகூட இல்லை. பல இனம் கலந்த நெல்லில் ஒரு கை அள்ளி மேல் கண்டத்தில் வீசுங்கள். அதே சாக்கில் இன்னொரு கை அள்ளிப் பள்ளக் காணியில் வீசுங்கள். ஒவ்வொரு காணிக்குள்ளும் மண்ணும் தண்ணீரும் எங்கும் சமம் என்று வைத்துக்கொண்டால், அந்தந்தக் காணிக்குள் பயிருக்குப் பயிர் தெரியும் வித்தியாசம் முழுவதும் விதையால். இரண்டு காணிக்கும் இடையில் உள்ள வித்தியாசம் முழுவதும் நிலத்தால். முதலாவது நூறு வீதம் என்பதைக் காட்டி இரண்டாவதையும் விதையின் தலையில் கட்டுகிறவர் கணக்குத் தெரியாதவர், அல்லது வேறு கணக்கு உள்ளவர்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் அந்தக் கணக்குக்குள் வளர்ந்தவன். வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரை. அங்கே மண்டூரில் இருந்து, வாவியைக் கடக்கும் மிதவையான ‘பாதை’ ஏறிக் குறுமண்வெளிக்குப் போய், கிழக்கே எழுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படித்தேன். முதல் கிழமையே ஒருவர் என் ஊரைக் கேட்டார். சொன்னேன். "படுவான்கரையா? உங்களுக்கு வயல்தான் சரி மகன், ரத்தத்தில ஓடுறது அது" என்றார். கெட்ட மனிதர் இல்லை, பாசமாகத்தான் சொன்னார். அந்த வருடம் எங்கள் பக்கத்துப் பாடசாலையில் இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லை. காற்றுக் கிளம்பினால் பாதை ஓடாது. மண்ணெண்ணெய் விளக்கில்தான் படிப்பு. இரண்டு கரையிலும் இருப்பது ஒரே சாக்கு நெல். கொண்டான் கொடுத்தானாகத் தலைமுறைகளாக வாவிக்குக் குறுக்கே பெண் எடுத்தும் கொடுத்தும் வந்த சனம் நாங்கள்.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பிரித்திருப்பதைப் பற்றி எத்தனையோ வாதம் உண்டு. அதன் பழைய அரசியல் காயம் வேறு. அதற்குள் நான் போகவில்லை. ஆனால் மாவட்டம் என்று பிரிக்கும்போது ஒன்றை ஒப்புக்கொள்கிறோம்: பரீட்சைப் புள்ளியில் நிலமும் பேசுகிறது. மாவட்டத்துக்குள்ளேயே வாய்க்கால் தலைப்பும் கடைசியும் உண்டு என்பதைத்தான் அந்தக் கணக்கு இன்னும் பார்க்கவில்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லவேண்டும். என் தலைமுறையில் சிலர், எல்லாம் சூழல்தான், பிள்ளைக்குள் ஒன்றுமே எழுதியில்லை என்று பேசினோம். கேட்க நன்றாக இருந்தது. இரண்டு பிள்ளைகளை வளர்த்தபிறகு அந்தப் பேச்சு எனக்கு விட்டுப்போனது. ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே பாடசாலை. ஒருவனுக்குக் கணக்கு தானாக வரும், மற்றவனுக்குக் கையில் எது கிடைத்தாலும் கழற்றிப் பூட்ட வேண்டும். பள்ளக் காணியில் மாமாவின் நெல் நின்ற விதத்தை நான் மறந்துவிட்டுப் பேசியிருக்கிறேன்.

அப்பா ஒரு கொப்பி வைத்திருந்தார். அவர் போனபிறகுதான் அதை முழுவதும் வாசித்தேன். கமநல சேவை நிலையத்துப் படிவத்தில் இனத்தின் பெயர், ஏக்கர், விளைச்சல் என்றுதான் கட்டம் இருக்கும். அப்பா தானாக இரண்டு கட்டம் கூட்டிக் கீறியிருந்தார்: ‘எந்தக் காணி’, ‘தண்ணி எப்படி’. அந்த இரண்டு கட்டமும் இல்லாத விளைச்சல் கணக்கை இப்போது எந்த அறிக்கையில் பார்த்தாலும் எனக்குப் பாதிதான் வாசிப்பாகிறது. கூட்டம் முடிந்து வெளியே போகும்போது இங்குள்ள விவசாயிகளிடம் நான் கேட்கப்போவதும் அந்த இரண்டு கட்டத்தைத்தான். பத்துப் பேர் பத்துப் போகத்துக்கு எழுதி வைத்தால், எந்த ஆராய்ச்சி நிலையத்திலும் இல்லாத ஒரு பதிவேடு வெல்லாவெளியில் இருக்கும்.

கொப்பியின் கடைசிப் பக்கம் 2011. இனம்: 94-1. காணி: பள்ளம். தண்ணி: தை வெள்ளம், 9 நாள், கதிரில. விளைச்சல் என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார். அதற்குக் கீழே, வேறு பேனையில், அடுத்த போகத்துக்கு மாமாவிடம் கேட்டு வாங்கவேண்டிய நெல்லின் பெயரும் மூடைக் கணக்கும்.